கிழிசலா, கண்ணீரா? ஹோமர் போட்ட மூணு எட்சிங்கும் கல்லர்கோட்ஸ் மீனவப் பொம்பளைங்களும்

ரெண்டு பொம்பளைங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஒருத்தி மடியில வலை, இன்னொருத்தி கையில கம்பளிக் காலுறை. ரெண்டு பேர் தலையும் குனிஞ்சிருக்கு, யாரும் நம்மள பாக்கல, சிரிக்கல, பேசிக்கிற மாதிரி கூட தெரியல. மீனவ கிராமத்துப் படம்னு சொல்றாங்க, ஆனா மீன் துள்ளறதோ படகு ஆடறதோ எதுவும் இதுல கண்ணை இழுக்காது, படத்தோட மொத்த கனமும் அந்த நாலு கைக்குள்ள போயி உக்காந்துடுது. இது அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1888ல போட்ட எட்சிங், அதாவது செம்புத் தகட்டுல கீறி, அதுலேர்ந்து பேப்பர்ல அச்சு எடுக்கற படம். பேரு 'மெண்டிங் த டேர்ஸ்'. அதே வருஷம் அவர் இன்னும் ரெண்டு தகடு போட்டாரு, 'பெரில்ஸ் ஆஃப் த சீ', 'எ வாய்ஸ் ஃப்ரம் த க்ளிஃப்ஸ்'னு, மூணுலயும் இங்கிலாந்தோட வடகிழக்கு கரையில இருக்கற கல்லர்கோட்ஸ்ங்கற சின்ன மீனவ ஊரோட பொம்பளைங்கதான் இருக்காங்க.

இந்த மூணையும் ஒண்ணா வச்சுப் பாத்தா எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. மீனவப் பெண்களோட உழைப்பை வரைஞ்ச ஓவியர்னு ஹோமரை எல்லாரும் தூக்கி வச்சுப் பேசறாங்க, தப்பில்ல, ஆனா செம்புத் தகட்டுல ஏறுன மூணு படத்துல ஒண்ணே ஒண்ணுலதான் உண்மையிலேயே வேலை நடக்குது. மத்த ரெண்டுல அவங்க காத்திருக்காங்க, காது குடுத்துக் கேக்கறாங்க, நிக்கறாங்க, அவ்ளோதான். ஏன் அப்படின்னு பாக்கறதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

மொதல்ல ஆள் யாருன்னு சுருக்கமா. ஹோமர் 1836ல பாஸ்டன்ல பொறந்தவரு. இருபது வயசு வாக்குல அங்க ஒரு லித்தோகிராஃப், அதாவது கல்லச்சுப் படம் போடற கடையில வேலை கத்துக்கப் போயி, அது மண்டை காயற வேலைன்னு விட்டுட்டு வந்து, 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' மாதிரி பத்திரிகைங்களுக்கு படம் வரைஞ்சு பொழைச்சவரு, உள்நாட்டுப் போர் நடந்தப்ப போர்முனைக்கே போயி வரைஞ்சாரு. பத்திரிகைப் படம்னா அப்ப எப்படின்னா, ஓவியர் மரக்கட்டை மேல வரைஞ்சு குடுப்பாரு, செதுக்கறதுக்குன்னு வேற ஆள் இருப்பாங்க, அவங்க கோடு கோடா வெட்டி எடுப்பாங்க. உன் கோடு பத்திரிகையில வர்றப்ப அது உன் கோடா இருக்காது, வேற ஒருத்தன் கை பட்ட கோடுதான் அது. இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

1881 மார்ச்ல, 45 வயசுல, கப்பல் ஏறி இங்கிலாந்து போறாரு. லண்டன், பாரிஸ்னு நாள் கடத்தாம வட கடலோரம் டைன்மவுத்துக்கு அடுத்தாப்ல இருக்கற கல்லர்கோட்ஸ்ல போயி உக்காந்துட்டாரு, 1882 நவம்பர் வரைக்கும். ஏன் அங்க போனாருன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க, அத விட்ருவோம். அது யாருக்கும் தெரியாத ஊரு ஒண்ணும் இல்ல, ராபர்ட் ஜாப்ளிங், ஹென்றி எமர்சன்னு உள்ளூர் ஓவியர்ங்க அங்கேயே இருந்து வரைஞ்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க. மீன்கூடை சுமக்கற கல்லர்கோட்ஸ் பொம்பளைங்கறது ஹோமர் வர்றதுக்கு முன்னாடியே படத்துல ஏறிட்ட உருவம்தான். நீல ஃப்ளானல் பாவாடை, அதுல அடுக்கடுக்கா வச்ச மடிப்பு, தோள்ல சால்வை, முதுகுல கூடை, இத ரசிச்சுப் பாக்கவே வெளியூர்லேர்ந்து ஜனம் வரும்.

அவங்க வேலை என்னங்கறதுதான் இங்க முக்கியம், கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அந்தக் கரையில பாதி வருஷம் தூண்டில் மீன்பிடி. நம்ம கடலோரத்துல ஆயிரங்கால் தூண்டில்னு சொல்றாங்களே அந்த மாதிரி, ஒரு நீளக் கயித்துல நூத்துக்கணக்குல கொக்கி தொங்கும். ஆம்பளைங்க கோபிள்னு சொல்ற படகுல ஏறி கடலுக்குப் போயி அத விட்டு இழுத்துட்டு வருவாங்க. ஆனா அந்தக் கொக்கி ஒவ்வொண்ணுலயும் இரை யாரு குத்தி வச்சது? வீட்டுப் பொம்பளைங்கதான். பாறையில ஒட்டிக்கிட்டிருக்கற சிப்பிய தட்டி எடுக்கணும், ஈர மணல்ல புழு தோண்டணும், மட்டிய ஒவ்வொண்ணா பொளந்து சதைய வழிச்சு எடுக்கணும், அத கொக்கியில ஏத்தி, ஒரு கொக்கி இன்னொண்ணோட சிக்காம கயித்த வரிசையா அடுக்கி வைக்கணும். ஒரு கொக்கி சிக்குனா நடுக்கடல்ல மொத்தமும் சிக்கும். வட கடல் குளிர்ல, விரல் மரத்துப் போயி, தினமும். மறுநாள் கயிறு காலியா திரும்பி வரும், மறுபடி மொதல்லேர்ந்து. கோடையில ஹெர்ரிங் மீனுக்கு வலை, அப்ப வலை கிழியும், கிழிஞ்சத சரி பண்ணணும். படகு தள்ளறதுக்கு கை குடுக்கணும். பிடிச்ச மீன முதுகுக் கூடையில ஏத்தி நார்த் ஷீல்ட்ஸ் அந்தப் பக்கமெல்லாம் தெருத்தெருவா போயி வித்துட்டு வரணும், காசு கையில வர்றது அவங்க கையிலதான். இதுக்கு நடுவுல புருஷன், புள்ளைங்களுக்கு போட்டுக்க நீலக் கம்பளிச் சட்டையும் பின்னணும். ஆம்பளை கடல்ல இருக்கற நேரத்துக்கு கணக்கு உண்டு, இவங்க வேலைக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது.

ஹோமர் இத பாக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. அந்த ரெண்டு வருஷத்துல வாட்டர்கலர்ல அவர் வரைஞ்சது எக்கச்சக்கம், கூடை தூக்கற பொம்பளைங்க, கரையில மீனுக்கு நிக்கறவங்க, புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு நடக்கறவங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ம்யூசியத்துல 'இன்சைட் த பார்'னு, ஊர் திரும்புனப்புறம் 1883 தேதி போட்ட ஒண்ணு இருக்கு, ஒரு பொம்பளை கூடையோட காத்துக்கு எதிரா நிக்கறா, முன்னாடி கட்டுன துணி காத்துல பாய்மரம் மாதிரி உப்பியிருக்கு, அவ ஒரு இஞ்ச் கூட அசையற மாதிரி தெரியல. அந்த உடம்ப பாத்தாலே போதும், அது தினமும் சுமை தூக்கற உடம்புன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்காவுல இந்தப் படங்கள 1883ல பாஸ்டன், நியூயார்க்னு காமிச்சப்ப பாத்தவங்க அசந்துட்டாங்க, இவரா இப்படின்னு. அதுவரைக்கும் பண்ணைப் பசங்க, குரோக்கே ஆடற பொண்ணுங்கன்னு வரைஞ்ச ஆளு, இப்ப சிலை மாதிரி உருவம் வரைஞ்சிருக்காரு. பிரிட்டிஷ் ம்யூசியத்துல இருக்கற பழைய கிரேக்க சிற்பங்களோட சாயல் இதுல இருக்குன்னு சொல்றவங்க நிறைய பேரு. வலை சரி பண்ற அந்த ரெண்டு பேரோட வாட்டர்கலர், 'மெண்டிங் த நெட்ஸ்', 1882, இப்ப வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு, அத பாத்தா அந்தப் பேச்சு ஏன் வந்துச்சுன்னு புரியும். பின்னாடி வெறும் வெளிறுன சுவர் மாதிரி ஒரு பரப்பு, அதுக்கு முன்னாடி ரெண்டு உருவம் புடைச்சுக்கிட்டு நிக்குது, கோயில் சுவத்துல பொறிச்ச மாதிரி.

சரி, எட்சிங்குக்கு வருவோம். 1883லேர்ந்து ஹோமர் மேய்ன் மாநிலத்துல ப்ரௌட்ஸ் நெக்ங்கற கடல்முனையில வீடு பாத்து தங்கிட்டாரு. அந்தக் காலத்துல அமெரிக்காவுல எட்சிங் ஒரு பைத்தியம் மாதிரி பரவியிருந்துச்சு, நியூயார்க் எட்சிங் கிளப் 1877லயே ஆரம்பிச்சாச்சு, நடுத்தர வீட்டு வரவேற்பறையில ஃப்ரேம் போட்டு மாட்டறதுக்கு பெரிய பெரிய எட்சிங்கா வாங்குனாங்க. எண்ணெய் ஓவியம் வாங்க காசு இல்ல, ஆனா ஓவியர் பென்சில்ல கையெழுத்து போட்ட பிரிண்ட் வாங்கலாம். ஹோமர் படம் பெருசா விக்காம கஷ்டப்பட்ட நேரமும் அதுதான். அதனால தன்னோட பேரெடுத்த படங்களையே தகட்டுல ஏத்தலாம்னு இறங்குனாரு. உடைஞ்ச கப்பல்லேர்ந்து ஒரு பொண்ண கயித்துல தொங்கி காப்பாத்தற படம், மாலுமிங்க நண்பகல்ல சூரியனை அளக்கற 'எய்ட் பெல்ஸ்', அப்புறம் நம்ம கல்லர்கோட்ஸ் மூணு. நியூயார்க்ல க்ளாக்னர்னு ஒரு வியாபாரி இதுல பலத வெளியிட்டாரு, அச்சு போட்டது ரிட்ச்சிங்கறவரு.

கவனிங்க, மத்த ஓவியர்ங்க பல பேரு இதுக்குன்னே இருக்கற எட்சிங் தொழில்காரங்ககிட்ட படத்த குடுத்து தகடு பண்ண வச்சாங்க. ஹோமர் தானே ஊசிய எடுத்தாரு. பத்திரிகைக் காலத்துல தன் கோட்ட இன்னொருத்தன் வெட்டுனத பாத்துப் பாத்து சலிச்சவருக்கு இந்தத் தடவ நடுவுல யாரும் வேண்டாம்னு தோணியிருக்கும்னு நான் நெனைக்கறேன்.

எட்சிங் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. செம்புத் தகட்டு மேல மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சு, அது மேல ஊசியால கீறுனா செம்பு தெரியும், தகட்ட அமிலத்துல போட்டா கீறுன எடத்த மட்டும் அமிலம் தின்னும். லேசான கோடு வேணும்னா சீக்கிரம் எடுத்து அந்த எடத்துக்கு வார்னிஷ் பூசி மறைச்சிட்டு மறுபடி அமிலத்துல போடணும், கறுப்பா வேணும்னா ரொம்ப நேரம் ஊற விடணும். அப்புறம் மையை தேய்ச்சு, மேல இருக்கறத துடைச்சிட்டு, ஈரப் பேப்பர் வச்சு அழுத்துனா பள்ளத்துல இருக்கற மை பேப்பருக்கு வரும். எல்லாமே இடம் வலமா மாறித்தான் வரும். வலது கைக்காரி இடது கைக்காரி ஆயிடக்கூடாதுன்னா தகட்டுலயே திருப்பிப் போட்டு வரையணும். நான் காலேஜ்ல ஒரு துத்தநாகத் தகட்டுல சின்ன ஜன்னல் ஒண்ணு பண்ணேன், பக்கத்துல இருந்தவன்கிட்ட பேசிக்கிட்டே அமிலத்துல மறந்துட்டேன், ஜன்னல் கம்பியெல்லாம் ஒண்ணா சேந்து ஒரே கறுப்புப் பள்ளமா போச்சு. அது உள்ளங்கை அளவுத் தகடு. ஹோமரோட தகடு ஒவ்வொண்ணும் ரெண்டடி அகலத்துக்கு கிட்டவோ மேலயோ இருக்கும்.

அந்த அளவே அன்னைக்கு ஒரு சண்டைக்குரிய விஷயம். எட்சிங்ல கில்லாடின்னு பேரெடுத்த விஸ்லர் 1886ல வெளியிட்ட தன்னோட கொள்கைகள்ல, ஊசியோட முனை எவ்ளோ நுணுக்கமோ அதுக்குத் தக்கதாத்தான் தகடும் இருக்கணும், பெருந்தகடுங்கறது குத்தம்னே எழுதிட்டாரு. எட்சிங்னா சின்னதா, வெளிய போயி பாத்த உடனே கிறுக்கறதா இருக்கணும்ங்கறது அவங்க கட்சி. ஹோமர் அதுக்கு நேர் எதிரு. பல வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்ச கல்லர்கோட்ஸ் வாட்டர்கலர எடுத்து வச்சுக்கிட்டு, ப்ரௌட்ஸ் நெக்ல உக்காந்து, பெரிய தகட்டுல பொறுமையா கோடு கோடா ஏத்தறாரு. இது புது சிருஷ்டியா, தன் படத்துக்கே தானே எடுத்த நகலான்னு கேட்டா ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ.

ஆனா இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாட்டர்கலர்ல சாம்பல் நிறம் வேணும்னா தண்ணிய கூட விட்டு ஒரே இழுப்புல இழுத்துடலாம். எட்சிங்ல சாம்பல்னு ஒண்ணு கிடையாது, பக்கத்துல பக்கத்துல கோடு போட்டாத்தான் தூரத்துலேர்ந்து பாக்க சாம்பலா தெரியும். வானம், சால்வை, பாவாடை மடிப்பு, முகத்துல விழற நிழல், எல்லாம் கோடு. வலைக்கு மட்டும் அந்தப் பிரச்சனையே இல்ல, ஏன்னா வலைங்கறதே கோடுதான். மடியிலேர்ந்து வழியற எடத்துல நூல் நூலா பிரிஞ்சு தெரியுது, மடிஞ்சு குவியற எடத்துல கோட்டு மேல கோடு விழுந்து கறுக்குது, நிஜ வலை குவிஞ்சு கெடந்தா எப்படி கறுக்குமோ அப்படியே. வலை சரி பண்றவங்கள பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்கு தெரியும், கிழிஞ்ச எடத்த அப்படியே கட்ட முடியாது, மொதல்ல பிஞ்சு தொங்கறத இன்னும் கொஞ்சம் வெட்டி ஓரத்த ஒழுங்குபடுத்திட்டுத்தான் ஒவ்வொரு கண்ணியா முடி போட்டுக்கிட்டே வரணும், அவசரப்பட்டா கண்ணி அளவு மாறிடும். தகட்டுக்கு முன்னாடி குனிஞ்சிருக்கற ஓவியர் பண்றதும் கிட்டத்தட்ட அதே ஜாதி வேலைதான், ஊசி, கோடு, கொஞ்சம் தவறுனா திரும்ப சரி பண்ணு. அதனாலதான் மூணு தகட்டுல இது மட்டும் நகலா தெரியாம அந்த ஊடகத்துக்குன்னே பொறந்த படம் மாதிரி இருக்கு.

'பெரில்ஸ் ஆஃப் த சீ' அப்படி இல்ல. அதோட மூலம் 1881 வாட்டர்கலர், மாசச்சூசெட்ஸ்ல க்ளார்க் கலை நிறுவனத்துல இருக்கு. புயல் நேரம், கரையில மேடான எடத்துல ஆம்பளைங்க கூட்டமா நின்னு கடலப் பாக்கறாங்க, கீழ முன்னாடி ரெண்டு பொம்பளைங்க சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கறாங்க. கல்லர்கோட்ஸ்ல தன்னார்வ மீட்புப் படைக்கு 1879ல ஒரு காவல் வீடு கட்டுனாங்க, 1881 அக்டோபர்ல 'அயர்ன் கிரௌன்'ங்கற கப்பல் டைன் ஆத்து முகத்துக்கிட்ட தரைதட்டுனப்ப ஹோமரும் நேர்ல பாத்து வரைஞ்சாரு, அதனால இந்தப் பயமெல்லாம் கற்பனை இல்ல. படமும் நல்ல படம்தான், புயல் வானத்த கோட்டுலயே கொண்டு வந்திருக்காரு. ஆனா அந்தப் பொம்பளைங்க கையில இப்ப ஒரு வேலையும் இல்ல. 'எ வாய்ஸ் ஃப்ரம் த க்ளிஃப்ஸ்'ல மூணு பேர் செங்குத்துப் பாறை ஓரம் கூடை, வலையோட நின்னு ஏதோ சத்தத்தக் கேக்கறாங்க, மூணு பேர் முகமும் அக்கா தங்கச்சிங்க மாதிரி. அழகு, ரொம்ப அழகு, அந்த அழகுதான் எனக்கு சந்தேகத்த கெளப்புது. அவங்க நிக்கற நிப்புல கூடையோட கனமே தெரியல.

மட்டிய பொளக்கற பொம்பளை எங்க? கொக்கியில இரை ஏத்தறவ எங்க? கூடைய எறக்கி வச்சிட்டு காசு எண்றவ எங்க? இரை மேட்டர் நாறும், கை சிவந்து வீங்கியிருக்கும், பேரம் பேசற பொம்பளை சத்தமா பேசுவா. நியூயார்க் வரவேற்பறை சுவத்துக்கு அது ஒத்து வராது, கடலப் பாத்துக் கலங்கி நிக்கற பொண்ணு ஒத்து வரும். விக்கணும்னு போட்ட தகடுங்க இது, அதனால ஹோமரை குத்தம் சொல்லல, 'இன்சைட் த பார்' பொம்பளைய ஏன் தகட்டுல ஏத்தலன்னு ஒரு ஆதங்கம்தான். என்னைக் கேட்டா மூணுல தைரியமான தேர்வு வலை சரி பண்ற ரெண்டு பேரும்தான், அங்க சோகம் காட்டி இழுக்கற வேலையே இல்ல.

இல்லன்னு சொன்னேன், ஆனா பேருல ஒரு சின்ன விஷமம் இருக்கு. வாட்டர்கலருக்கு நேரடியா 'வலை சரி பண்றது'ன்னு பேரு. எட்சிங்ல அது 'டேர்ஸ்' ஆயிடுச்சு, கிழிசல்கள். வலையிலயும் கிழிசல், காலுறையிலயும் கிழிசல், ரெண்டுக்கும் சேத்து ஒரு பேர்னு பாத்தா சரியாத்தான் இருக்கு. ஆனா இங்கிலீஷ்ல அதே எழுத்த 'டியர்ஸ்'னும் படிக்கலாம், கண்ணீர். படத்துக்குள்ள வராத கண்ணீர் பேரு வழியா நுழைஞ்சிடுது, வாங்கறவங்களுக்கு அந்த ஒரு சொட்டு போதும். தமிழ்ல இத எப்படிச் சொல்றதுன்னு கொஞ்ச நாள் மண்டைய ஒடைச்சுக்கிட்டேன், கிழிசலும் கண்ணீரும் நம்ம மொழியில ஒட்டவே ஒட்டாது. அப்புறம் ஒருநாள் தோணுச்சு, வலையோட ஓட்டைக்கு நம்ம கண்ணின்னுதானே சொல்றோம், கண்ணிக்கும் கண்ணீருக்கும் நடுவுல எவ்ளோ தூரம்?

வியாபாரம் என்னாச்சுன்னா, பெருசா ஒண்ணும் ஆகல. பட்ட பாட்டுக்கு ஏத்த வருமானம் எட்சிங்ல வரல, 1889ல 'சேவ்ட்'னு கடல்ல மீட்பு பத்தி ஒண்ணு, தூண்டில் போடறவர் படம் ஒண்ணுன்னு பண்ணிட்டு ஊசிய கீழ வச்சுட்டாரு. அப்புறம் 1910ல சாகற வரைக்கும் வாட்டர்கலரும் எண்ணெய் வண்ணமும்தான்.

கல்லர்கோட்ஸ் பொம்பளை மட்டும் இன்னும் ஒரு தடவ வந்தா. 1883ல ஊர் திரும்புனதும் காட்டுன எண்ணெய் ஓவியம் ஒண்ணு இருந்துச்சு, புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு புயல் காத்துல நடக்கற தாய், பின்னாடி மீட்புப் படை வீடு, படகு, ஆம்பளைங்க. விமர்சகர்ங்க அத சாத்திட்டாங்க. ஹோமர் அத வீட்ல வச்சிருந்து பல வருஷம் கழிச்சு மறுபடி கை வச்சு, அந்த வீட்டையும் படகையும் ஆம்பளைங்களையும் அழிச்சிட்டு, எடத்துல மேய்ன் கடற்கரைப் பாறைய வரைஞ்சாரு. 'த கேல்'ங்கற பேருல அது 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போயி தங்கப் பதக்கம் வாங்குச்சு, இப்ப வூஸ்டர் ம்யூசியத்துல இருக்கு. ஊர் மொத்தமும் பெயிண்டுக்கு அடியில போயிடுச்சு, அவ அதே பாவாடையோட அதே காத்துல நடந்துக்கிட்டிருக்கா.